8ல ஒருத்தரா, 5ல ஒருத்தரா, 3ல ஒருத்தரா: சின்ன வயசுல பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்களை எப்படித்தான் எண்ணுறாங்க?

நீங்க கேட்டது இது. பெற்றோர்கள் கூட்டத்துல பேசப் போறீங்க, சின்ன வயசுல பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்கள் எத்தனை பேர்னு சொல்ல ஒரே ஒரு வரி வேணும், தேடினா ஒரு இடத்துல 8ல ஒருத்தர்னு இருக்கு, இன்னொரு இடத்துல 5ல ஒருத்தர், வேற ஒண்ணுல 3ல ஒருத்தருக்கும் மேல, இதுல எது உண்மை, இல்ல எல்லாமே ஊதிப் பெருசாக்கினதா. நியாயமான கேள்வி. நான் பல வருஷமா இந்த மாதிரி சர்வேக்களுக்குக் கேள்வித்தாள் எழுதுறது, கேள்வி கேட்கப் போற பெண்களுக்குப் பயிற்சி குடுக்கிறதுனு வேலை பார்த்தவ, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல நேரடியான பதில். நீங்க பார்த்த அந்த மூணு நம்பரும் பொய் இல்ல. மூணும் வேற வேற கேள்விக்கான பதில், அவ்வளவுதான். அப்புறம் இன்னொண்ணு, இதுல தப்பு நடந்தா அது பெரும்பாலும் குறைச்சு எண்ணுற பக்கம்தான் நடக்குது. இதை நான் உணர்ச்சிவசப்பட்டு சொல்லல, அதுக்குக் கைவசம் ஆதாரம் இருக்கு, கீழ வரும்.

நிறைய பேர் முதல்ல தேடிப் போறது போலீஸ் கணக்கைத்தான். அது வந்து சேர்ந்த புகார்களோட எண்ணிக்கை, நடந்ததோட எண்ணிக்கை கிடையாது. இங்கிலாந்து வேல்ஸ் ரெண்டையும் சேர்த்து, 2019 மார்ச்சோட முடிஞ்ச ஒரு வருஷத்துல குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம்னு போலீஸ்ல பதிவானது 73,260. அதே காலத்துல அரசாங்கமே எடுத்த குற்ற சர்வேயில 18லருந்து 74 வயசுக்குள்ள இருக்கிற பெரியவங்கள்ல 7.5 சதவீதம் பேர், அதாவது சுமார் 31 லட்சம் பேர், 16 வயசுக்கு முன்னாடி தனக்கு நடந்திருக்குனு சொல்லியிருக்காங்க, பெண்கள்ல மட்டும் பார்த்தா 11.5 சதவீதம். ஒண்ணு ஒரு வருஷக் கணக்கு, இன்னொண்ணு வாழ்நாள் கணக்கு, அதனால ரெண்டையும் நேரா வகுத்துப் பார்க்கக் கூடாது. ஆனா அதே சர்வேயில இன்னொரு தகவலும் இருக்கு: சின்ன வயசுல வன்புணர்வுக்கோ, உடம்புக்குள்ள ஊடுருவின தாக்குதலுக்கோ ஆளானவங்கள்ல 76 சதவீதம் பேர் அப்போ யார்கிட்டயுமே சொல்லல. போலீஸ்கிட்ட இல்லீங்க, யார்கிட்டயுமே. அம்மாகிட்ட கூட சொல்லாத ஒண்ணு ஸ்டேஷன் ரெஜிஸ்டர்ல எப்படி ஏறும்?

இதை இன்னும் பெரிய அளவுல பார்க்கணும்னா 2011ல ஸ்டோல்டன்போர்க்னு ஒரு டச்சு ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் சேர்ந்து உலகம் முழுக்க வந்த 217 ஆய்வறிக்கைகளை ஒண்ணா போட்டு அலசினாங்க, மொத்தம் கிட்டத்தட்ட 99 லட்சம் பேரோட டேட்டா. பாதிக்கப்பட்டவங்களையே கேட்டு எடுத்த ஸ்டடிகள்ல 1000க்கு 127 பேர் வந்தது. டாக்டர், டீச்சர், குழந்தை நலத்துறை மாதிரி மத்தவங்க கண்ணுல பட்டதை வச்சு எண்ணின ஸ்டடிகள்ல 1000க்கு 4. ஒரே கொடுமை, யாரைக் கேட்டாங்கங்கிறது மட்டும்தான் மாறுச்சு, 30 மடங்குக்கு மேல வித்தியாசம். அந்த 127ங்கிறது ஆண் பெண் ரெண்டு பேரையும் சேர்த்து, பெண்களை மட்டும் எடுத்தா 1000க்கு 180, ஆண்கள் 76.

கொஞ்சம் பழைய கதைக்குப் போகலாம், ஏன்னா கணக்கு எடுக்கிற விதம் எவ்வளவு முக்கியம்னு அங்கதான் நல்லா தெரியும். 1975ல வந்த, அமெரிக்க மனநல டாக்டர்கள் எல்லாரும் படிச்ச ஒரு பெரிய பாடப்புத்தகத்துல, குடும்பத்துக்குள்ளயே நடக்கிற பாலியல் கொடுமை 10 லட்சம் பேர்ல ஒண்ணு, ரெண்டுதான்னு போட்டிருந்தது. வழக்குனு வெளிய வந்ததை மட்டும் வச்சு எண்ணினா அப்படித்தான் வரும். அதை நம்பிப் படிச்ச ஒரு டாக்டர்கிட்ட ஒரு சின்னப் பொண்ணு போய் சொன்னா, இது 10 லட்சத்துல ஒண்ணு, இந்தப் பொண்ணுக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லனுதானே அவர் மனசு முதல்ல நினைக்கும்? தப்பான நம்பர் சும்மா பேப்பர்ல கிடக்கிறதில்ல, அது ஒரு குழந்தையை நம்பாம விடுறதுக்குக் காரணமா போகும்.

மூணே வருஷம் கழிச்சு, 1978ல, டயானா ரஸ்ஸல்னு ஒரு சமூகவியலாளர் சான் பிரான்சிஸ்கோவுல 930 பெண்களைத் தேர்ந்தெடுத்து நேர்ல பேட்டி எடுத்தாங்க. கிளினிக்குக்கு வந்தவங்க இல்ல, கேஸ் குடுத்தவங்க இல்ல, குலுக்கல் முறையில வீடுகளை எடுத்து கதவைத் தட்டிப் போய்ப் பார்த்த சாதாரணப் பெண்கள். பேட்டி எடுத்தவங்களும் பெண்கள்தான், அவங்களுக்கு நல்ல பயிற்சி குடுத்துதான் அனுப்பினாங்க. 18 வயசுக்குள்ள சொந்தக்காரங்க ஒருத்தரால உடல் ரீதியான பாலியல் அத்துமீறல் நடந்திருக்குனு சொன்னவங்க 16 சதவீதம். சொந்தம் வெளியாள் எல்லாம் சேர்த்தா 38. 10 லட்சத்துல ஒண்ணுனு படிச்சது 100ல 16 ஆகிடுச்சு. அந்தச் சம்பவங்கள்ல போலீஸ் வரைக்கும் போனது எவ்வளவு தெரியுமா, குடும்பத்துக்குள்ள நடந்ததுல 2 சதவீதம், வெளியாள் செஞ்சதுல 6.

ரஸ்ஸலுக்கு 25 வருஷம் முன்னாடியே இந்த நம்பர் ஒரு இடத்துல இருந்தது, அதையும் சொல்லணும். 1953ல வந்த கின்ஸி ரிப்போர்ட்ல, அதாவது பெண்களோட பாலியல் வாழ்க்கையைப் பத்தின அமெரிக்க ஆய்வுல, 4,441 பெண்களைக் கேட்டிருந்தாங்க, வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி வளர்ந்த ஆண் ஒருத்தர் தன்கிட்ட பாலியல் ரீதியா நடந்துக்கிட்டாருனோ நடந்துக்கப் பார்த்தாருனோ 24 சதவீதம் பேர் சொல்லியிருந்தாங்க. அது குலுக்கல் சாம்பிள் இல்ல, விருப்பப்பட்டு வந்தவங்க, அதனால அதை அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாதுதான். ஆனா நாலுல ஒருத்தர்னு அச்சுல வந்த ஒண்ணை அந்தக் காலத்துல யாரும் நின்னு கவனிக்கல. எனக்கு இப்பவும் அது மனசைப் பிசையிற விஷயம்.

சரி, இப்போ உங்க மூணு நம்பருக்கு வரேன். 8ல ஒருத்தர்ங்கிறது 2024 அக்டோபர்ல யுனிசெஃப் வெளியிட்டது. 18 வயசுக்குள்ள வன்புணர்வு, இல்ல உடம்புல தொட்டு நடந்த பாலியல் தாக்குதல், இது நடந்த பெண்களும் சிறுமிகளுமா இன்னிக்கு உயிரோட இருக்கிறவங்க 37 கோடிக்கு மேல. அந்த 5ல ஒருத்தர் எங்கயோ இருந்து வந்த வேற நம்பர் இல்ல, அதே யுனிசெஃப், அதே ரிப்போர்ட்! தொடாம நடக்கிறதையும், அதாவது ஆன்லைன்ல நடக்கிறது, வாயால பேசியே செய்யிறது இதெல்லாம் சேர்த்தா 65 கோடி, அதுதான் 5ல ஒருத்தர். ஒரு செய்தித்தாள் முதல் நம்பரை எடுத்துச்சு, இன்னொண்ணு ரெண்டாவதை எடுத்துச்சு, படிக்கிறவங்களுக்கு ரெண்டும் அடிச்சுக்கிற மாதிரி தெரியுது. 3ல ஒருத்தருக்கும் மேலங்கிறது 2023ல வெளிவந்த ஆஸ்திரேலிய தேசிய ஆய்வு, அங்க பெண்கள்ல 37.3 சதவீதம். அது ஒரு நாட்டோட கணக்கு, உலகக் கணக்கு இல்ல, தொடாம நடந்ததும் அதுல உண்டு, செஞ்சவங்க பெரியவங்களா சக வயசுக்காரங்களானு பிரிக்காம எல்லாத்தையும் சேர்த்தது.

டெஃபனிஷன்ங்கிற ஒரு சமாச்சாரம் எவ்வளவு தூரம் நம்பரை இழுக்கும்னு காட்ட எனக்குப் பிடிச்ச உதாரணம் டேவிட் ஃபிங்கல்ஹோர்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு அமெரிக்காவுல எடுத்த தேசிய போன் சர்வேக்கள். 17 வயசுப் பெண்கள்கிட்ட இதுவரைக்கும் பாலியல் துன்புறுத்தலோ தாக்குதலோ நடந்திருக்கானு பார்த்தப்போ 26.6 சதவீதம். அதே பெண்கள், அதே பேட்டி, ஆனா செஞ்சவர் வளர்ந்த ஆளா இருந்தா மட்டும் எண்ணுவோம்னு வச்சா 11.2. மிச்சம் எங்க போச்சு? கூடப் படிக்கிற பையன், காதலன், தெரிஞ்ச சக வயசுக்காரன். நாம குழந்தைகளுக்கு மிட்டாய் குடுத்துக் கூப்பிடுற தாத்தாவை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு எண்ணினா பாதிக்கு மேல கண்ணுல படாது.

வயசு எல்லையும் அப்படித்தான். சில சர்வே 15க்கு முன்னாடினு கேட்கும், சிலது 16, சிலது 18. மூணு வயசுதானே பெரிய வித்தியாசம் என்னனு தோணும். ஆனா யுனிசெஃப் டேட்டாவுலயே 14லருந்து 17 வயசுக்குள்ளதான் இது அதிகமா நடக்குதுனு வருது, அப்போ 15ல கோடு கிழிச்சா அந்த உச்சத்தையே வெட்டி எறிஞ்சிடுறோம். 2014ல ஐரோப்பிய யூனியன் முழுக்க 42,000 பெண்களைக் கேட்ட சர்வேல 12 சதவீதம்னு வந்தது, அது 15க்கு முன்னாடி, அதுவும் பெரியவங்க செஞ்சது மட்டும். அதைத் தூக்கி ஆஸ்திரேலியாவோட 37 பக்கத்துல வச்சு, பார்த்தீங்களா ஐரோப்பா எவ்வளவு பாதுகாப்புனு எழுதினா அது சுத்தத் தப்பு.

இனி நான் ரொம்ப நாள் கூடவே இருந்து பார்த்த விஷயம், கேள்வியோட வார்த்தை. "சின்ன வயசுல உங்களுக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கா?" இப்படி ஒரே கேள்வி கேட்டீங்கன்னா என்ன நடக்கும்னா, எதிர்ல உட்கார்ந்திருக்கிற அம்மா தன் மனசுக்குள்ள ஒரு நீதிபதி வேலை பார்க்கணும், எனக்கு நடந்தது அந்தப் பெரிய வார்த்தைக்குள்ள வருமா வராதா, நானும் அப்போ சும்மாதானே இருந்தேன், அவர் சொந்தக்காரர்தானே, அடிக்கல மிரட்டல, இதெல்லாம் ரெண்டு செகண்ட்ல ஓடி முடிஞ்சு "இல்ல"னு வந்துடும். நான் கூட இருந்த ஒரு முன்னோட்டப் பேட்டியில அம்பது வயசு தாண்டின ஒரு அம்மா அந்த முதல் கேள்விக்கு, "சேச்சே, எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது"னு சட்டுனு சொல்லிட்டாங்க. அடுத்த கேள்விகள் ஒவ்வொண்ணும் ஒரு செயலைப் பத்தி. யாராவது உங்களை விருப்பமில்லாம தொட்டிருக்காங்களா, யாராவது தன்னைத் தொடச் சொல்லியிருக்காங்களா, தூங்கும்போது யாராவது பக்கத்துல வந்து அப்படி ஏதாவது. மூணாவது கேள்வியில அவங்க பேச்சு நின்னுடுச்சு. புடவைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டே ரொம்ப நேரம் இருந்துட்டு, "அது துன்புறுத்தல்ல வருமா?"னு எங்களைக் கேட்டாங்க. ஒத்தைக் கேள்வி சர்வேயா இருந்திருந்தா அவங்க "இல்ல" கணக்குல போய் உட்கார்ந்திருப்பாங்க, நாமளும் நம்பர் குறைவுனு சந்தோஷப்பட்டிருப்போம்.

ரஸ்ஸல் கேட்டது 14 கேள்வி. 1986ல, அதுவரைக்கும் வட அமெரிக்காவுல வந்த ஸ்டடிகளை எல்லாம் வரிசையா வச்சுப் பார்த்தப்போ பெண்களுக்கு 6 சதவீதத்துலருந்து 62 சதவீதம் வரைக்கும் எல்லா நம்பரும் இருந்தது. அந்த 62, கெயில் வயட்ங்கிற ஆராய்ச்சியாளர் லாஸ் ஏஞ்சலஸ்ல 248 பெண்களை ரொம்ப விரிவா நேர்ல பேட்டி எடுத்து, தொடாம நடந்ததையும் சேர்த்து எண்ணினது. இப்படி 6க்கும் 62க்கும் நடுவுல ஊஞ்சலாடினா யாருக்குத்தான் நம்பிக்கை வரும், அதனாலதான் அப்போ நிறைய பேர் இந்தத் துறையையே சந்தேகமா பார்த்தாங்க. ஆனா ஆராய்ஞ்சு பார்த்தா வித்தியாசத்துக்குக் காரணம் இருந்தது. 1999ல போலன், ஸ்கன்னபியேகோங்கிற ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரும் குலுக்கல் சாம்பிள் ஸ்டடிகளை மட்டும் எடுத்து அலசினப்போ, எத்தனை கேள்வி கேட்டாங்கங்கிறது நம்பரை முடிவு பண்ற பெரிய காரணங்கள்ல ஒண்ணா இருந்துச்சு. கேள்வி கூடக் கூட நம்பர் கூடுது. அதிகமா கேட்டா பொய் அதிகமா வரும்னு இதுக்கு அர்த்தம் எடுக்காதீங்க. ஒவ்வொரு கேள்வியும் ஞாபகத்தோட ஒரு கதவைத் தட்டுது, எந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்குனு முன்கூட்டியே நமக்குத் தெரியாது.

வார்த்தை மட்டும் போதாது, பதிலை எப்படி வாங்குறோம்ங்கிறதும் அதே அளவு முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகள்ல 24,000 பெண்கள்கிட்ட எடுத்து 2005ல வெளியிட்ட ஆய்வுல ஒரு சின்ன ஏற்பாடு வச்சிருந்தாங்க, எளிமையான வேலை, ஆனா இந்தத் துறையில அதை விட அழகான ஒண்ணை நான் பார்த்ததில்ல. பேட்டிக்கு நடுவுல 15 வயசுக்கு முன்னாடி யாராவது உங்களை அப்படித் தொட்டிருக்காங்களானு நேராவே கேட்பாங்க, பதிலை எழுதிக்குவாங்க. அப்புறம் பேட்டி முடியப் போற நேரத்துல ஒரு அட்டையைக் கையில குடுப்பாங்க. அதுல ரெண்டு முகம் வரைஞ்சிருக்கும், ஒண்ணு சிரிச்ச முகம், ஒண்ணு சோகமான முகம். எழுத்து ஒண்ணும் கிடையாது, படிக்கத் தெரியாதவங்களும் பண்ணலாம். "நீங்க முன்னாடி என்ன சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, சின்ன வயசுல அப்படி நடந்திருந்தா சோக முகத்துக்குக் கீழ ஒரு கோடு போடுங்க, நடக்கலனா சிரிச்ச முகத்துக்குக் கீழ போடுங்க, மடிச்சு குடுங்க, நான் பார்க்க மாட்டேன்." அவங்க திரும்பி உட்கார்ந்து கோடு போட்டு மடிச்சு உள்ள போட்டுடுவாங்க, யாரோடதுனு பேட்டி எடுத்தவங்களுக்குத் தெரியாது.

அதே பெண்கள்தான், அதே நாள்தான், ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது. எத்தியோப்பியாவுல நேர்ல கேட்டப்போ 0.2 சதவீதம், அட்டையில 7 சதவீதம். நமீபியாவுல நேர்ல 5, அட்டையில 21. ஜப்பான்ல 10 இருந்தது 14 ஆச்சு. எத்தியோப்பியா நம்பரைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அட்டை இல்லாம போயிருந்தா 500 பேர்ல ஒருத்தர்னு எழுதி ஃபைலை மூடியிருப்பாங்க. ஒரு துண்டு அட்டை வந்ததும் 500ல 35 பேர். அதனால ஏதாவது ஒரு நாட்டுல ரொம்பக் குறைவான நம்பர் வந்தா, அங்க நடக்கலனு எடுத்துக்கிறதுக்கு முன்னாடி அங்க எப்படிக் கேட்டாங்கனு பார்ப்பேன் நான்.

அட்டைக்குப் பதிலா இப்போ நிறைய இடத்துல டேப்லெட்டும் ஹெட்போனும் குடுக்கிறாங்க, கேள்வி காதுல ஓடும், அவங்களே திரையில தொட்டுப் பதில் சொல்லிக்கலாம். இன்னொரு முறை, பட்டியல் முறை. ஒரு பாதிப் பேருக்கு நாலு சாதாரண வாக்கியம் குடுத்து இதுல எத்தனை உங்களுக்குப் பொருந்தும், எதுனு சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கனு கேட்கிறது. மிச்சப் பாதிப் பேருக்கு அதே நாலோட, சின்ன வயசுல எனக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்ததுங்கிற வாக்கியத்தையும் சேர்த்து அஞ்சா குடுக்கிறது. முதல் குழுவோட சராசரி 1.8னும் ரெண்டாவது குழுவோட சராசரி 2.0னும் வருதுன்னு வைங்க, அந்த 0.2தான் பதில், 20 சதவீதம். யார் சொன்னாங்கனு யாருக்கும் தெரியாது, கணக்கு மட்டும் வெளிய வரும். குறை என்னன்னா ஆயிரக்கணக்குல ஆள் வேணும், அதோட யாருக்கு நடந்ததுனு தெரியாததால அவங்களுக்கு உதவின்னு எதையும் நேரா கொண்டு போய்ச் சேர்க்க முடியாது.

பேட்டி நடக்கிற அறை பத்தியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு ஒரு பெண்ணை மட்டும்தான் எடுக்கணும், சர்வேக்கு வெளிய சொல்ற பேரே "பெண்கள் ஆரோக்கியமும் வாழ்க்கை அனுபவங்களும்" மாதிரி ஒண்ணாத்தான் இருக்கணும், இதெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 2001லயே எழுதி வச்ச விதிமுறைகளோட வழியில வந்தது. பேட்டி நடுவுல வீட்டு ஆள் யாராவது உள்ள வந்துட்டா பேச்சை மாத்தணும்னும் இருக்கு. நாங்க பயிற்சியில இதை நடிச்சே காட்டுவோம், கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் அடுத்த மூச்சுல "உங்க குழந்தைக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டாச்சா?"னு போயிடணும், முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது. இதைச் சரியா செய்யாத சர்வேல நம்பர் தப்பா வர்றது ரெண்டாவது கவலை, பேட்டி முடிஞ்சப்புறம் அந்தப் பொண்ணு அந்த வீட்டுலதானே இருக்கணும், அதுதான் முதல் கவலை.

இப்போ எல்லாரும் கேட்கிற கேள்வி: பெரியவங்களானப்புறம் சொல்றதை எப்படி நம்புறது, ஞாபகம் மாறும்ல, சிலர் இட்டுக்கட்டியும் சொல்லலாம்ல. இதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 1970கள்ல அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரிக்குப் பாலியல் கொடுமைக்காகக் கொண்டு வரப்பட்ட சிறுமிகளோட ரெகார்ட் இருந்தது. நடந்தது பதிவான விஷயம். 17 வருஷம் கழிச்சு லிண்டா வில்லியம்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் அவங்கள்ல 129 பேரைத் தேடிப் பிடிச்சு விரிவான பேட்டி எடுத்தாங்க, பழைய ரெகார்ட் பத்தி வாயே திறக்கல. 38 சதவீதம் பேர் அந்தச் சம்பவத்தைச் சொல்லவே இல்ல. மறந்துட்டாங்களா, சொல்ல மனசில்லையானு கேட்டா, சொல்லாதவங்கள்ல பெரும்பாலானவங்க சின்ன வயசுல தனக்கு நடந்த வேற கொடுமைகளைச் சொல்லியிருக்காங்க, அப்போ கூச்சம் மட்டுமே காரணம்னு சொல்ல முடியல.

நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்னு ஒரு ஊர்ல 1977ல பிறந்த 1,265 குழந்தைகளைப் பிறந்ததுலருந்தே பின்தொடர்ந்து வர்ற ஒரு ஆய்வு இருக்கு. அவங்களை 18 வயசுல ஒரு தடவை, 21 வயசுல ஒரு தடவை இதே கேள்வி கேட்டாங்க. 18ல ஆமான்னவங்கள்ல நிறைய பேர் 21ல இல்லங்கிறாங்க, 18ல இல்லன்னவங்க 21ல ஆமாங்கிறாங்க. மேலோட்டமா பார்த்தா, ஆக இவங்க பேச்சை நம்ப முடியாதுனு முடிவுக்கு வரத் தோணும். ஆனா அந்த ஆய்வை நடத்துற ஃபெர்குசன் குழு 2000ல அதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததுல தெரிஞ்சது வேற. நடக்காதவங்க நடந்துச்சுனு சொல்றது அநேகமா இல்லவே இல்ல. நடந்தவங்கதான் ஒரு தடவை கேட்டா பாதிக்குப் பாதி இல்லனு சொல்லிடுறாங்க. நான் மேல தப்பு எந்தப் பக்கம்னு சொன்னேன்ல, அதுக்கான ஆதாரம் இதுதான். ஒரே ஒரு தடவை போய்க் கேட்டு வர்ற சர்வேல விட்டுப் போனவங்க எப்பவும் இருப்பாங்க.

ஆனா பெரிய நம்பர் எல்லாமே சரினும் நான் சொல்ல மாட்டேன், அதுலயும் கவனம் வேணும். இந்தியாவுல பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல ஒரு ஆய்வு வெளியிட்டது, 13 மாநிலம், 12,447 குழந்தைகள், அதுல 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகை பாலியல் துன்புறுத்தல் நடந்ததா சொன்னாங்க, அதுல பாதிக்கு மேல பையன்கள்னு வந்தது. முக்கியமான ஆய்வு, அது வந்தப்புறம்தான் இதைப் பத்தி வெளிப்படையா பேச்சு எழுந்துச்சு. ஆனா அந்த சாம்பிள் எப்படி எடுத்ததுன்னா தெருவுல வாழ்ற குழந்தைகள், வேலைக்குப் போற குழந்தைகள், விடுதிகள்ல இருக்கிற குழந்தைகள், பள்ளிக்குப் போறவங்க, போகாம வீட்ல இருக்கிறவங்கனு அஞ்சு பிரிவுலருந்தும் வேணும்னே தேர்ந்தெடுத்து எடுத்தது. அந்தந்தப் பிரிவோட நிலைமை தெரியணும்னு எடுத்தது. நாட்டுல ரெண்டு குழந்தைக்கு ஒரு குழந்தைனு அதைப் பொதுவா பொருத்துறது அந்த ஆய்வு சொல்லாத ஒண்ணு, ஆனா மேடைக்கு மேடை அப்படித்தான் சொல்றாங்க. எதிர்ப்பக்கம் இருக்கிறவங்களுக்கு இது போதும், இந்த ஒரு ஓட்டையைப் பிடிச்சுக்கிட்டு மொத்தப் பிரச்சனையையே இல்லனுடுவாங்க.

சாம்பிள்ல யார் விட்டுப் போறாங்கனும் பார்க்கணும். ஸ்கூல்ல எடுக்கிற சர்வேல படிப்பை நிறுத்தின பொண்ணு இல்ல, வீட்ல போய் எடுக்கிற சர்வேல வீட்டை விட்டு ஓடினவ இல்ல, விடுதியில, சிறையில, முகாம்ல இருக்கிறவ இல்ல. எங்க அதிகமா நடந்திருக்குமோ அந்த இடம்தான் முதல்ல விட்டுப் போகுது.

அப்போ குழந்தைகளையே நேரா கேட்டா என்னனு தோணும். 2007ல ஸ்வாசிலாந்துல, இப்போ எஸ்வாட்டினினு பேர் மாறின நாடு, 13லருந்து 24 வயசு வரைக்கும் உள்ள பெண்களை வீடு வீடா போய்க் கேட்டாங்க, 18க்குள்ள பாலியல் வன்முறை நடந்ததுனு மூணுல ஒருத்தர் சொன்னாங்க, அதுக்கப்புறம் அதே முறையில பல நாடுகள்ல எடுத்திருக்காங்க. இளவயசுல கேட்கிறதோட பலன் என்னன்னா இப்போதைய நிலவரம் கிடைக்கும். அறுபது வயசு அம்மாவைக் கேட்டா கிடைக்கிறது அம்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த நிலவரம், அதை வச்சு இன்னிக்கு கூடுதா குறையுதானு சொல்ல முடியாது. ஆனா பத்து வயசுக் குழந்தையைக் கேட்கிறது லேசான காரியம் இல்ல. இப்பவும் நடந்துக்கிட்டு இருக்குனு ஒரு குழந்தை சொன்னா என்ன பண்ணுவீங்க? ரகசியமா வச்சுக்கிறேன்னு வாக்கு குடுத்துட்டு வந்து டேட்டாவா மட்டும் போட்டுக்க முடியுமா? நிறைய நாட்டுல சட்டப்படியே அதைத் தெரியப்படுத்தியாகணும், அது தெரிஞ்சா குழந்தை வாயே திறக்காது. கேட்கிறதுக்கு முன்னாடியே உதவிக்கு ஆள் தயாரா நிக்கணும், அது இல்லாத இடத்துல நான் கேட்கவே கூடாதுங்கிற பக்கம்தான் நிப்பேன், நம்பர் கிடைக்காட்டியும் பரவாயில்ல.

நாடுகளை வரிசைப்படுத்திப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். தொட்டு நடந்ததை மட்டும் எண்ணின யுனிசெஃப் கணக்குல ஓசியானியாவுல, அதாவது ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் சேர்ந்த பகுதியில, 34 சதவீதம், ஆப்பிரிக்காவோட சகாராவுக்குத் தெற்குப் பகுதியில 22, கிழக்கு தென்கிழக்கு ஆசியாவுல 8. ஆனா தலை எண்ணிக்கையில பார்த்தா அந்த 8 சதவீதமே ஏழரைக் கோடிப் பெண்கள், ஓசியானியா 60 லட்சம். அதோட வெளிய சொன்னா குடும்ப மானம் போச்சு, கல்யாணம் நின்னு போகும்ங்கிற ஊர்கள்ல நேர்ல கேட்டு வாங்கின சதவீதத்துல எவ்வளவு நடந்தது, எவ்வளவு சொல்லப்பட்டதுனு பிரிக்கவே முடியாது. 2025ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வு 204 நாடுகளோட டேட்டாவை, கேட்கிற முறையில இருக்கிற இந்த வித்தியாசங்களுக்கு ஏத்த மாதிரி சரிபண்ணி ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வரப் பார்த்தது, உலக அளவுல 18 வயசுக்கு முன்னாடி பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் 18.9 சதவீதம், ஆண்கள் 14.8. யுனிசெஃப்போட 5ல ஒருத்தர், ஸ்டோல்டன்போர்க்கோட 1000க்கு 180, இந்த 18.9, மூணு குழுவும் வேற வேற வழியில போய் ஏறக்குறைய ஒரே இடத்துல வந்து நிக்குது. ஆண்களோட 14.8ஐயும் கூட்டத்துல விட்டுடாதீங்க, பையன்களைப் பெத்தவங்களும் அங்க உட்கார்ந்திருப்பாங்க.

உங்க கூட்டத்துக்கு எழுத வேண்டிய வரி என்னன்னா, "உலக அளவுல ஏறக்குறைய 5 பெண்கள்ல ஒருத்தர் 18 வயசுக்குள்ள ஏதோ ஒரு வகையில பாலியல் வன்முறையைச் சந்திச்சிருக்காங்க, தொட்டு நடந்ததை மட்டும் எடுத்தா 8ல ஒருத்தர்." வயசையும் வகையையும் கண்டிப்பா சேர்த்தே சொல்லுங்க, தனியா நம்பரை மட்டும் சொல்லாதீங்க. யாராவது எழுந்து எங்க பக்கம் போலீஸ் கேஸே இத்தனைதானே இருக்குனு கேட்டா, அப்போ யார்கிட்டயுமே சொல்லாத அந்த 76 சதவீதத்தைச் சொல்லுங்க. அப்புறம் 40 பேர் உட்கார்ந்திருக்கிற கூட்டம்னா, பாதிப் பேர் அம்மாக்களா இருந்தா, இந்தக் கணக்குப்படி அவங்கள்ல சராசரியா நாலு பேருக்கு இது நடந்திருக்கலாம், அதை மனசுல வச்சுக்கிட்டு மெதுவா பேசுங்க, பேசி முடிச்சதும் உடனே கிளம்பாம கொஞ்ச நேரம் அங்கயே இருங்க.